பட்டாளத்துப் பாட்டுக்காரர்

2013 ஜனவரியில் ‘அன்னயும் ரசூலும்’ என்ற மலையாளப் படம் வெளியானது. இயக்கியவர் ராஜீவ் ரவி. இசை, ‘யுத்தம் செய்’ படத்தின் மூலம் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகமான ‘கே’. நாயகி, நம்ம ஊர் ஆண்ட்ரியா. கொச்சி மண்ணில் ஒரு முஸ்லிம் டாக்ஸி டிரைவருக்கும் வைப்பின் தீவுப் பெண்ணுக்கும் முளைக்கிற காதலைச் சொன்ன அந்தப் படத்தில் ஷஹபாஸ் அமன் பாடிய இரண்டு பாட்டுகள் இளைஞர்களின் செல்போன்களில் குடியேறின. ஒன்று ‘கண்டு ரண்டு கண்ணு’. மற்றொன்று ‘காயலினரிகே’. புதுப் பாட்டு என்றே நம்பியவர்கள் உண்டு. ஆனால் இரண்டுமே பழையவை. முதல் பாட்டு 1973-இல் வந்த ‘சுழி’ படத்துக்கு எம்.எஸ். பாபுராஜ் இசையமைத்தது. இரண்டாவது, சினிமாப் பாட்டே அல்ல. உள்ளூர்க்காரரான மேப்பள்ளி பாலன் எழுதி, கொச்சியின் மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் வாய்வழியாக வாழ்ந்து வந்த பாட்டு. இரண்டையும் முதலில் பாடியவர் ஒருவரே: மெஹபூப். 1981-லேயே இறந்துவிட்டவர்.

கேரளத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் மெஹபூப் என்றால் ஒரு புன்னகையும் ஓரிரு நகைச்சுவைப் பாட்டுகளும் பதிலாக வரும். கொச்சியின் மேற்குக் கரையில் கேட்டால் வருவது வேறு பதில். அங்கே அவர் ‘மெஹபூப் பாய்’. சினிமாவுக்குப் பாடியது அவருடைய பல வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

அந்த மேற்குக் கரைக்குப் போக எர்ணாகுளத்தின் தேவரா பக்கமிருந்து வெண்டுருத்திப் பாலத்தைக் கடக்க வேண்டும். அடுத்து வில்லிங்டன் தீவு. கொச்சித் துறைமுகத்தை உருவாக்கிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடலடியில் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி எழுப்பிய தீவு அது. அதையும் தாண்டி இன்னொரு பாலம் ஏறி இறங்கினால் தோப்பும்படி, மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி. அக்கரையில் கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும். இக்கரையில் கிடங்குகள், மிளகு, சுக்கு, கப்பல், கூலி. தவிர, பாஷைகள். குஜராத்திகள், கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன்கள், கொங்கணிகள், யூதர்கள், தமிழர்கள் என்று ஒரு சில சதுர மைல்களுக்குள் இத்தனை பேச்சு ஒலித்த ஊர் தென்னிந்தியாவில் அரிது. வெளி என்ற இடத்திலுள்ள ‘தோபி கானா’வில் இன்றும் துணி துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தினர். பட்டாளக்காரர்களின் சீருடைகளைத் துவைக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள்.

அதே பட்டாளம்தான் மெஹபூபின் முன்னோரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தது. தக்காணத்திலிருந்து சிப்பாய்களாக வந்து தங்கிவிட்ட, உருது பேசும் தக்னி முஸ்லிம்கள் அவர்கள். ஃபோர்ட் கொச்சியில் அவர்கள் வாழ்ந்த பகுதியின் பெயரே ‘பட்டாளம்’. அங்கே 1926-இல் பிறந்தார் மெஹபூப். குடும்பத்தில் வறுமை. பள்ளிப்படிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சிறுவயதில் பிரிட்டிஷ் ராணுவ முகாமில் சிப்பாய்களின் பூட்சுகளுக்குப் பாலீஷ் போடும் வேலை. சும்மா இருக்காத வாய். பூட்சைத் தேய்த்துக்கொண்டே பாடும். சிப்பாய்கள் ரசித்தார்கள். அதுதான் முதல் சபை.

ராணுவ முகாம்களுக்கும் பாட்டுக்கும் இந்த நாட்டில் ஒரு வினோதமான தொடர்பு இருந்திருக்கிறது. 1936-இல் சென்னையில் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் வீட்டில் பிறந்த ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி, பிற்பாடு எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்ற பெயரில் 1967-இல் பீட்டில்ஸ் குழுவின் ஒரு இசைத்தட்டையே பிரிட்டனில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தார். முகாமின் உள்வீட்டில் பிறந்தவருக்கு லண்டன் கிடைத்தது. வாசலில் பூட்ஸ் துடைத்த பையனுக்கு மட்டாஞ்சேரி.

ஆனால் மட்டாஞ்சேரி ஒன்றும் இளைத்த இடம் அல்ல. குஜராத்தி, கட்ச் வியாபாரிகளின் வீடுகளில் இந்துஸ்தானிக் கச்சேரிகள் நடந்தன. கப்பலில் வந்த கிராமபோன் தட்டுகளில் சைகலும் பங்கஜ் மல்லிக்கும் பாடினார்கள். பிற்பாடு முகமது ரஃபி வந்தார். முறையாக எந்தக் குருவிடமும் உட்காராத மெஹபூப் இவர்களைக் கேட்டே பாடகரானார். ஹார்மோனியமும் தபேலாவும் பக்கத்தில் இருந்தால் விடிய விடியப் பாடுவார். கல்யாண வீடுகள் அவரைத் தேடி வந்தன. முதலில் இந்திப் பாட்டுகள். பிறகு அந்த மெட்டுகளிலேயே மலையாளச் சொற்கள். நெல்சன் பெர்னாண்டஸ், மேப்பள்ளி பாலன் போன்ற உள்ளூர்க் கவிஞர்கள் எழுதித் தர, ரஃபியின் மெட்டில் துறைமுகத் தொழிலாளியின் பசியும் சேர்ந்தது.

அந்தப் பசி கற்பனையல்ல. மட்டாஞ்சேரித் துறைமுகத்தில் அப்போது ‘சாப்ப’ என்றொரு முறை இருந்தது. ‘சாப்ப’ என்பது உலோக வில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்கு வேலையோ அத்தனை வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். அடித்துப் பிடித்து எவன் பொறுக்கினானோ அவன் வீட்டில் அன்று அடுப்பெரியும். இதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். (‘அன்னயும் ரசூலும்’ எடுத்த அதே ராஜீவ் ரவி இந்தக் கதையையும் ‘துறைமுகம்’ என்ற பெயரில் படமாக்கினார். 2023-இல் வெளியானது.) மெஹபூப் பாடிய மேடைகளில் இடதுசாரி மேடைகளும் உண்டு. கேட்டவர்களில் அந்த வில்லைக்காகப் புழுதியில் விழுந்து எழுந்தவர்களும் இருந்தார்கள்.

சினிமாவுக்கு அவரை அழைத்துப் போனவர் இன்னொரு கொச்சிக்காரர், நடிகர் டி.எஸ். முத்தையா. 1951-இல் வந்த ‘ஜீவித நௌக’தான் மலையாள சினிமாவின் முதல் மாபெரும் வெற்றிப் படம். தயாரித்தவர்கள் கோஷியும் குஞ்சாக்கோவும். இசை, பிற்காலத்தில் மலையாளத் திரையிசையின் பீஷ்மர் ஆகிவிட்ட வி. தட்சிணாமூர்த்தி. ஆனால் அன்றைக்குத் தயாரிப்பாளர்களுக்குச் சொந்த மெட்டில் நம்பிக்கை கிடையாது. பம்பாயில் ஓடிய மெட்டைப் போடு, அதற்குச் சொல்லைப் பொருத்து என்பதே கட்டளை. தமிழ் சினிமாவும் அந்தக் காலத்தில் இதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது என்பதால் நாம் சிரிக்க இடமில்லை. 1949-இல் ‘துலாரி’ படத்துக்காக நௌஷாத் இசையில் ரஃபி பாடிய ‘சுஹானி ராத்’ மெட்டு, ‘அகலே ஆரும் கைவிடும்’ என்று மலையாளமாயிற்று. அதைப் பாட ரஃபியின் குரலுக்கு நெருக்கமான ஒரு குரல் வேண்டியிருந்தது. கல்யாண வீடுகளில் ராத்திரிதோறும் இதையேதான் செய்துகொண்டிருந்தார் மெஹபூப். அதையே ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று செய்தார்.

இந்த அறிமுகத்தில் ஒரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ‘ரஃபி மாதிரி பாடுகிறவர்’ என்று பெயர் வாங்கியவனுக்கு, மெட்டுகளை நகல் எடுக்கும் காலம் முடிந்ததும் வேலை என்ன?

அந்தக் காலம் மூன்றே வருடத்தில் முடிந்தது. 1954-இல் வந்த ‘நீலக்குயில்’ படத்தைத் தயாரித்தவர் ஃபோர்ட் கொச்சி வியாபாரி டி.கே. பரீக்குட்டி. இயக்கியவர்கள் ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும். இசையமைத்த கே. ராகவன் கோழிக்கோடு வானொலியிலிருந்து வந்தவர். பம்பாயை எட்டிக்கூடப் பார்க்காமல், வயலிலும் காயல் கரையிலும் புழங்கிய மெட்டுகளை எடுத்து ஒன்பது பாட்டுகள் போட்டார். மலையாளிகள் முதல் தடவையாகத் தியேட்டரில் தங்கள் ஊர்ப் பாட்டைக் கேட்டார்கள். வலை வீசும் பாட்டை ராகவனே பாடினார். சோகப் பாட்டு, ‘கேரளத்து சைகல்’ என்று பெயரெடுத்த கோழிக்கோடு அப்துல் காதருக்கு. காதலியைக் கேலியோடு கொஞ்சும் ‘மானென்னும் விளிக்கில்லா’ மெஹபூபுக்கு.

ரஃபியின் சாயல் அதில் இல்லை. உருது நாக்கில் புரண்ட மலையாளம், சொற்களின் ஓரங்களை லேசாகத் தேய்த்து, சிரிப்பை உள்ளே அடக்கிக்கொண்டு பாடும் தோரணை, தெருமுனையில் நின்று பேசுவது போன்ற நெருக்கம் எல்லாம் அந்தப் பாட்டில் உண்டு. மெஹபூபின் குரல் என்று பிற்பாடு எல்லாரும் அடையாளம் கண்டது இதைத்தான். நகல் எடுக்கக் கூப்பிட்ட இடத்தில் அசல் கிடைத்தது என்றால் அதில் ராகவனின் காதுக்கும் பங்கு உண்டு.

கிடைத்ததை என்ன செய்தார்கள் என்பது அடுத்த கேள்வி. 1958-இல் பி. பாஸ்கரன் இயக்கிய ‘நாயரு பிடிச்ச புலிவாலு’ வந்தது. அதில் ராகவன் இசையில் மெஹபூப் பாடிய ‘காத்து சூக்ஷிச்சொரு கஸ்தூரிமாம்பழம்’, ஆசையாய்க் காத்த மாம்பழத்தைக் காக்கை கொத்திப் போன கதை. காதலில் கோட்டை விட்டவனின் புலம்பல். கேரளம் முழுக்கச் சிரித்தது. இன்றும் சிரிக்கிறது. பாட்டை நன்றாகக் கேட்டால் சிரிப்புக்கு அடியில் ஒரு வலி ஓடுவது தெரியும். ஆனால் சினிமாக்காரர்களுக்குக் கேட்டது சிரிப்பு மட்டுமே. அன்று முதல் மெஹபூப் காமெடிப் பாடகர். நாயகன் காதலிக்கும்போது வேறு குரல். நாயகனின் தோழன் தடுக்கி விழும்போது மெஹபூபின் குரல்.

தமிழில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். எஸ்.சி. கிருஷ்ணனுக்கும் ஏ.எல். ராகவனுக்கும் நடந்ததுதான். நகைச்சுவைக் காட்சிக்கு ஒரு தடவை பொருந்திவிட்ட குரலை, அப்புறம் நாயகனின் தொண்டையில் வைத்துப் பார்க்க எந்தத் தயாரிப்பாளருக்கும் தைரியம் வராது. பாட்டைப் பாடுகிறவரின் வீச்சைவிடத் திரையில் வாயசைக்கிறவரின் அந்தஸ்துதான் பாடகரின் அந்தஸ்தைத் தீர்மானித்தது.

விதிவிலக்காக ஒரு படம் வந்தது. 1961 ஆகஸ்டில் வெளியான ‘கண்டம் பெச்ச கோட்டு’, மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படம். எடுத்தது நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், இயக்கியவர் டி.ஆர். சுந்தரம். பெயருக்கு ஒட்டுப்போட்ட கோட்டு என்று பொருள். ஹஜ் யாத்திரை போகக் காசு காசாகச் சேர்த்துவைக்கும் மம்மதிக்கா என்ற செருப்புத் தைப்பவர், கடைசியில் அந்தப் பணத்தை ஒரு கல்யாணம் நடக்கக் கொடுத்துவிடுகிறார். மம்மதிக்காவாக நடித்தவர் டி.எஸ். முத்தையா. பாபுராஜின் இசையில் தலைப்புப் பாட்டைப் பாடியவர் மெஹபூப். பூட்சுகளுக்குப் பாலீஷ் போட்ட பையன், தன்னைச் சினிமாவுக்கு அழைத்து வந்தவர் செருப்புத் தைப்பவராக நடித்த படத்தில் பாடினார். கதை எழுதுகிறவர்கள் இப்படி எழுதினால் செயற்கை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, 1961 நவம்பரில், சென்னையின் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் முதல் முறையாகத் திரைக்குப் பாடினார். படம் ‘கால்பாடுகள்’. இசை எம்.பி. சீனிவாசன். இளைஞரின் பெயர் கே.ஜே. யேசுதாஸ். சொந்த ஊர் ஃபோர்ட் கொச்சி.

இரண்டு பேருக்கும் நடுவே பதினான்கு வயது வித்தியாசம். ஒரே ஊர், ஒரே கடற்காற்று. யேசுதாஸ் வீட்டிலும் பணக் கஷ்டம் குறைவில்லை. ஆனால் அவருடைய தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக மேடையில் பெயர் பெற்ற பாகவதர். 1950-இல் வந்த ‘நல்லதங்க’ படத்தில் நடித்தவர். மகனுக்குச் சின்ன வயதிலேயே ஸ்வரம் சொல்லிக் கொடுத்தவர். மகன் திருப்பூணித்துறை இசைக் கல்லூரிக்குப் போனார். அறுபதுகளில் வயலார் ராமவர்மாவும் ஜி. தேவராஜனும் சேர்ந்து மலையாளப் பாட்டை ராகத்தின் பக்கம் திருப்பியபோது, அதற்குத் தேவையான பயிற்சி அவரிடம் தயாராக இருந்தது. மட்டாஞ்சேரியின் கிராமபோன் கல்லூரி அந்தப் பாடத்தை நடத்தியதில்லை. இதில் யாருடைய சதியும் இல்லை. யேசுதாஸின் குரலுக்கு மலையாளிகள் கொடுத்த இடம் அவர் உழைத்து வாங்கியது. ஆனாலும் ஒரு தெருவிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் கதவு திறக்கும் என்பதைப் போல, அதன் பிறகு மெஹபூபுக்கான வாய்ப்புகள் மெல்ல மெல்லச் சுருங்கின.

சுருங்கிய காலத்திலும் சில முத்துகள் வந்தன. 1963-இல் ‘டாக்டர்’ படத்துக்குத் தேவராஜன் இசையில் அவர் பாடிய ‘வண்டி வண்டி’ ரயிலைப் பற்றியது, வயிற்றெரிச்சலையும் பற்றியது. அதே படத்தில் கோட்டயம் சாந்தாவுடன் பாடிய ‘கேளடா’, தமிழ்நாட்டுக் கிராமக் கூத்தில் வரும் கணவன் மனைவிச் சண்டையை நினைவூட்டும். பத்து வருடம் கழித்து ‘சுழி’. மொத்தம் எண்ணினால் சினிமாப் பாட்டுகள் நூறைத் தொடாது. கேரள மாநிலத் திரைப்பட விருதுகள் தொடங்கியதே 1969-இல். அதற்குள் அவருடைய நல்ல காலம் கடந்துவிட்டது.

எல்லாவற்றையும் சினிமா உலகத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. மலையாளப் படங்களின் பாட்டுகள் அப்போது பதிவானது சென்னையில். வாய்ப்பு வேண்டுமென்றால் கோடம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டும். இசையமைப்பாளரின் வீட்டு வாசலில் காலையில் நிற்க வேண்டும். மெஹபூப் நிற்கவில்லை. கூப்பிட்டால் போனார், பாடி முடித்ததும் கொச்சிக்கு ரயிலேறினார். அவர் மனம் கல்யாண வீட்டு முற்றத்திலும் நண்பர்களின் மெஹ்ஃபிலிலும் இருந்தது. கையில் வந்த பணம் கையில் தங்கவில்லை. உடனிருந்தவர்களோடு செலவாகிவிடும் என்று கொச்சிக்காரர்கள் பிரியத்தோடும் வருத்தத்தோடும் சொல்வார்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் கணக்கை வேறு மாதிரியும் போடலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று நிமிடம் பாட வேண்டும். முன்னால் கேட்பவர் யாரும் இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொறியாளர் மட்டுமே. கல்யாண வீட்டில் இரவு முழுக்க நேரம் உண்டு. ஒரே வரியை இருபது தடவை வெவ்வேறு விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடலாம். பெரியவர் ஒருவர் சைகல் கேட்பார், மணமகனின் தோழன் ரஃபி கேட்பான், சமையல்காரர் காக்கையும் மாம்பழமும் கேட்பார். இந்துஸ்தானி இசையில் பழகிய ஒருவருக்கு எது பாட்டு, எது வேலை என்று கேட்டால் பதில் சுலபம். மெஹபூபின் துரதிர்ஷ்டம், வேலையைத்தான் தட்டில் பதிவு செய்தார்கள். பாட்டைப் பெரும்பாலும் யாரும் பதிவு செய்யவில்லை. மேசை அளவு டேப் ரெக்கார்டரைக் கல்யாணப் பந்தலுக்குத் தூக்கி வரும் வசதி அன்று எத்தனை பேரிடம் இருந்தது? இன்று அவரை மதிப்பிட உட்காருகிறவர்களுக்கு முன்னால் இருப்பது அவருடைய வாழ்க்கையில் ஒரு சிறிய பகுதி. அதிலும் பாதி, தடுக்கி விழும் தோழனுக்காகப் பாடியது.

கடைசி வருடங்களில் நோயும் வறுமையும் சேர்ந்துகொண்டன. மலையாளத்தில் இந்துஸ்தானி வாசனையோடு பாட்டு செய்த அந்தத் தலைமுறையே அடுத்தடுத்து விடைபெற்ற காலம் அது. 1977-இல் கோழிக்கோடு அப்துல் காதர் போனார். 1978-இல் பாபுராஜ், சென்னை அரசு பொது மருத்துவமனையில், கையில் காசில்லாமல் இறந்தார். 1980 ஜூலை 31 அன்று பம்பாயில் முகமது ரஃபி. அதற்கு ஒன்பது மாதம்கூட நிறையவில்லை, 1981 ஏப்ரல் 22 அன்று மெஹபூப். வயது ஐம்பத்தைந்துதான்.

பதிவாகாத பாட்டுகள் அதோடு போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம், கொச்சிக்காரர்கள் பாடுவதை நிறுத்தவில்லை. அவர் பெயரில் ‘மெஹபூப் மெமோரியல் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று ஒரு குழு உருவாகி, அவர் பாட்டுகளை மேடையேற்றியது. மட்டாஞ்சேரிக் கல்யாண வீடுகளில் ‘காயலினரிகே’ வாய்க்கு வாய் மாறியது. ஆளுக்கு ஒரு சொல் கூட்டியும் குறைத்தும் பாடியிருக்கலாம். எழுதி வைக்காத பாட்டின் விதி அது.

மெஹபூபுக்குத் தபேலா வாசித்த மட்டாஞ்சேரிப் பையன்களில் ஒருவர் இப்ராஹிம். பம்பாய்க்குப் போய் உஸ்தாத் முஜாவர் அலி கானிடம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டு திரும்பினார். ஜான் ஆபிரகாம் தன் ‘அம்ம அறியான்’ படத்தில் பாட வைத்து, ‘உம்பாயி’ என்ற வீட்டுப் பெயரையே மேடைப் பெயராக்கினார். உம்பாயி சினிமாவைத் துரத்தவில்லை. ஹார்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு மலையாளத்தில் கஜல் பாடினார். ஓ.என்.வி. குறுப்பும் கே. சச்சிதானந்தனும் அவருக்காக எழுதினார்கள். கேசட்டுகளாகவும் குறுந்தகடுகளாகவும் இருபதுக்கு மேற்பட்ட தொகுப்புகள் வந்தன. கல்யாணப் பந்தலில் காற்றோடு போன மெஹ்ஃபில், ஒரு தலைமுறை கழித்துக் கடைகளில் விலைக்குக் கிடைத்தது. 2018 ஆகஸ்டில் உம்பாயியும் மறைந்தார்.

‘அன்னயும் ரசூலும்’ வந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இன்று ‘காயலினரிகே’ என்று கணினியில் தேடுகிறவர்களுக்கு முதலில் வந்து நிற்பது ஷஹபாஸ் அமனின் குரல். கொச்சியின் மேற்குக் கரையில், கூட்டம் கலையும் நேரத்தில் யாராவது ஒரு மூத்தவர் எழுந்து அந்தப் பாட்டைக் கேட்டால், அவர் சொல்லும் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.